தெருக்கதவும் அரங்குக் கதவும்

2022 ஜூலையில் திருநெல்வேலி டவுண் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும், 2020-லும் 2021-லும், தேர் நிலையைவிட்டு நகரவில்லை. நான்கு ரத வீதிகளும் அந்த இரண்டு ஆனி மாதங்களில் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்கு, வடம் மறுபடி இறுகிய அந்தக் காலை நேரம் மறக்காது. கொரோனா போய்விட்டது என்று டவுண்காரர்கள் மனதுக்குள் முடிவு செய்தது அன்றைக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது அதற்குப் பத்து மாதம் கழித்து, 2023 மே 5-ல். இந்த இரண்டு நாட்களிலும் கிருமி ஊருக்குள் இருக்கத்தான் செய்தது. அப்படியென்றால் முடிந்தது எது?

வடம் பிடித்துவிட்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் அன்றைக்கு என்னிடம் கேட்டார்: “ரெண்டு ஊசியும் போட்டேன் தம்பி. அதுக்குப் பெறவும் எனக்கு வந்துட்டுல்லா? அப்பம் அந்த ஊசி எதுக்கு?”

“ஆஸ்பத்திரியில படுத்தீங்களா அண்ணாச்சி?”

“அதெல்லாம் இல்ல. மூணு நாள் காய்ச்சல். மாத்திரையோட போயிட்டு.”

அதுதான் ஊசி செய்த வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அரைகுறைப் பதில். ஊசியே போடாதவர்களிலும் பலருக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போயிற்றே என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நேர்மையான கேள்வி அது. அதற்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமானால் பெரியம்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏனென்றால் தடுப்பூசி என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது அதுதான். என் ஆச்சியின் கையில் காலணா அகலத்துக்கு இரண்டு வட்ட வடுக்கள் இருந்தன. அந்தத் தலைமுறைக்கு அது ‘ஊசி போடுவது’ இல்லை, ‘அம்மை குத்துவது’. அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வருகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகளை உள்ளறையான அரங்கு வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்களாம். அவர் கையிலிருந்த கருவி இன்றைய மெல்லிய ஊசி அல்ல. நுனியில் கூர்ப்பற்கள் கொண்ட சிறு வட்டு அது. மருந்துத் துளியைத் தோலில் வைத்து அதன்மேல் அழுத்தித் திருகுவார்கள். புண்ணாகிச் சீழ் கட்டி, காய்ந்து, வடுவாகும். பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நோயும் வெறும் நோயாக இருக்கவில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே போக மாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை. அறிவியல் தெரியாத காலத்து மூடப்பழக்கம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொற்றுள்ள வீட்டுக்கு அடையாளம் வைத்து, தொடர்பைத் துண்டித்து, பக்தியின் பெயரால் ஊர் முழுவதையும் அதற்குக் கட்டுப்பட வைத்த ஏற்பாடு அது. உலகத்திலிருந்து பெரியம்மையை விரட்டியதில் பாதி வேலை இந்த ஏற்பாட்டின் மறுவடிவம்தான்.

இந்தியா 1962-ல் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது இலக்கு எளிமையாகத் தெரிந்தது: மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்குமேல் குத்திவிட்டால் நோய் தானாக நின்றுவிடும். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். யாருக்கும் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக 5 பேருக்கு நோயைக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 பேரில் 4 பேருக்கு எதிர்ப்பு இருந்தால் ஒருவருக்குத்தான் போகும். ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்று நோய் பெருகாமல் தேங்கும். அதற்குமேல் ஒரு படி ஏறினால் தேய்ந்து அழியும். ஐந்தில் நான்கு என்பதுதான் 80 சதவீதம். பெரியம்மைக்கு இந்தப் பரவல் எண் ஏறக்குறைய அவ்வளவு. தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை. அதனால்தான் தட்டம்மைக்கு 95 சதவீதம் போட்டாக வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் ஊர் என்பது சராசரி அல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று முறை குத்திக் கணக்கு ஏறும். ஊர்விட்டு ஊர் போகும் கூலிக் குடும்பத்துக்கு ஒருமுறைகூடக் குத்தியிருக்காது. காகிதத்தில் 80-ஐத் தாண்டிய பல இடங்களில் நோய் தொடர்ந்தது. 1966-ன் இறுதியில் நைஜீரியாவில் போதிய மருந்து கைவசம் இல்லாமல் தவித்த வில்லியம் ஃபோகி என்ற மருத்துவர், எல்லோருக்கும் போடுவதை விட்டுவிட்டு, நோய் தென்படும் வீட்டைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். நோய் அடங்கியது. நோய் தொற்றிய பிறகு மூன்று நான்கு நாட்களுக்குள் குத்தினாலும் இந்தத் தடுப்பூசி காப்பாற்றும் என்பது அவருக்குப் பெரிய துணை. இந்தியாவில் இதே வழி 1973-லிருந்து முழுவேகத்தில் நடந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, தென் மாநிலங்களில் பெரியம்மை ஏற்கெனவே நின்றிருந்தது. இந்தியாவின் கடைசி உள்நாட்டு நோயாளி 1975 மே மாதம் பீகாரில் கண்டுபிடிக்கப்பட்டார். 1980 மே 8-ல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிப்பு வந்தது.

மனித குலம் ஒரு மனித நோயை முழுவதுமாக அழித்தது இந்த ஒருமுறைதான். அதற்குப் பெரியம்மையின் குணமும் காரணம். மனிதரைத் தவிர வேறு விலங்கில் அது தங்காது. வந்தால் முகத்திலேயே தெரியும், ஒளிந்து பரவாது. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வருவது மிக மிக அரிது. உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்து வந்தபின் நம் சித்திரை வெயிலிலும் அது கெடாமல் போய்ச் சேர்ந்தது. இந்த நான்கும் ஒரு கிருமியில் சேர்ந்து அமைவது அபூர்வம். கொரோனாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. காய்ச்சல் தொடங்குமுன்பே பரவும், அறிகுறியே இல்லாமலும் பரவும், விலங்குகளிலும் தொற்றும், வந்தவருக்கே மறுபடி வரும். 2021-ல் ‘எல்லோரும் ஊசி போட்டால் கொரோனா ஒழியும்’ என்று மேடைகளில் பேசியவர்கள் பெரியம்மைக் கதையை மனதில் வைத்துப் பேசினார்கள். நல்லெண்ணத்தில் பேசியதுதான். ஆனால் தர முடியாத வாக்கு அது.

நல்லெண்ணத்தில் கூடுதலாகச் சொல்வது தமிழ்நாட்டுத் தடுப்பூசி வரலாற்றுக்குப் புதிதல்ல. எல்லீசன் என்று தமிழர் அறிந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அதிகாரியாக இருந்தவர், பசுவின் அம்மைப்பால் தேவியின் அருள் என்று கூறும் ஒரு கதையை, சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோலத் தமிழில் எழுதிவைத்தார். மக்களின் அச்சத்தை அவர்கள் மொழியிலேயே தீர்க்க நினைத்தார் என்பது மதிக்கத்தக்கது. ஆனாலும், நம்ப வைப்பதற்காகப் புனைவை உண்மைபோல் தருவது ஆபத்தான வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. புனைவு என்று தெரிய வரும் நாளில் அதோடு சேர்த்து நல்ல மருந்தும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இந்த விவாதம் நம் மாநிலத்தில் மிகத் தீவிரமாக நடந்தது பி.சி.ஜி. ஊசியைச் சுற்றித்தான். காசநோய்க்கான இந்தத் தடுப்பூசி இயக்கம் 1948-ல் தொடங்கியது. மருந்து தயாரிக்கக் கிண்டியில் ஆய்வகமும் அமைந்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின், 1955-ல், பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கிச் சிறு நூல் வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலில் ஏற்றுவதா, பலன் உறுதிப்படாத ஒன்றைக் கூட்டம் கூட்டமாகப் போடுவதா என்பது அவர் வாதம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். இரண்டு பேருமே காந்தியின் அணுக்கத் தொண்டர்கள் என்பதை நினைத்தால் அந்த மோதலின் கனம் புரியும்.

யார் சொன்னது சரி? பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பி.சி.ஜி. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேரைக் காத்தது. வேறு சில நாடுகளில் பலன் மிகக் குறைவாக இருந்தது. இந்தியாவில் எப்படி என்று பார்க்க 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனையைத் தொடங்கியது. ஏறக்குறைய 2,80,000 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான ஊசி, மற்றவர்களுக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் வீடுவீடாகப் பின்தொடர்ந்தார்கள். முடிவு: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை.

உலகையே அதிர வைத்த முடிவு அது. நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள் ஏராளம். அவற்றோடு பழகிப் பழகி ஓரளவு எதிர்ப்பு ஏற்கெனவே அமைந்துவிட்ட உடலில் ஊசி கூடுதலாக எதையும் சேர்ப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. காசநோய் மூளை உறையைத் தாக்குவதும், இரத்தம் வழியே உடலெங்கும் சிதறுவதும் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் கொடிய வடிவங்கள். அவற்றைப் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெளிவாயிற்று. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது.

ராஜாஜி கேட்ட கேள்வி சரியானது என்பது என் கருத்து. ஊசி ஆபத்து என்று அவர் சொன்ன விடை தவறு. இயக்கம் தொடங்கி 20 ஆண்டு கழித்துத்தான் சோதனை தொடங்கியது என்பது அரசின் தவறு. ஏமாற்றம் தரும் முடிவை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்ன அந்த ஆய்வாளர்கள்மீது எனக்கு அளவற்ற மதிப்பு. ஒரே ஊசி, ஒரே கிருமி. குழந்தையின் மூளையைக் காக்கிறது, தாத்தாவின் நுரையீரலைக் காக்கவில்லை. ஆக, ‘தடுப்பூசி வேலை செய்யுமா?’ என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு, எதைத் தடுக்க, எவ்வளவு காலத்துக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அண்ணாச்சியின் கேள்வியையும் அப்படிப் பிரிக்கலாம். டவுணில் பழைய வீடுகளின் அமைப்பு அவருக்குத் தெரியும். தெருக்கதவு, தார்சா என்னும் முன்கூடம், பட்டாசல் என்னும் நடுக்கூடம், அதற்கும் உள்ளே அரங்கு வீடு. நகையும் பத்திரமும் அரங்கில் இருக்கும். நம் மூக்கும் தொண்டையும் தார்சா. நுரையீரலின் ஆழம் அரங்கு. தோளில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களையும், கிருமி புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களையும் உருவாக்குகிறது. அவை வீட்டுக்குள்ளிருந்து காவல் காப்பவை. மூக்கின் ஈரத்தோலில் நிற்கும் காவலர்கள் வேறு வகை. தோளில் போடும் ஊசி அவர்களைச் சொற்பமாகத்தான் எழுப்பும். இரத்தத்திலிருந்து அங்கே கசிந்து வரும் காவலும் சில மாதங்களில் குறைந்துவிடும். அதனால் கிருமி தார்சாவரை வந்துவிடும்: சளி, காய்ச்சல், தொண்டை வலி. அரங்குக் கதவில் கைவைக்கும்போது பிடிபட்டுவிடும். மூக்குவழி இடும் தடுப்பு மருந்தை ஹைதராபாத்தில் உருவாக்கி 2023 ஜனவரியில் வெளியிட்டதற்குத் தார்சாவிலேயே காவல் வைக்கும் நோக்கம்தான் காரணம்.

உவமை சொல்வது சுலபம், ஆதாரம் வேண்டும். அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றிய 1,17,524 பேரின் பதிவுகளை எடுத்து, டெல்டா அலை வீசிய 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவால் இறந்தவர்களை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மொத்தம் 31 மரணங்கள். இரண்டு ஊசி போட்டவர்கள் 4, ஒன்று மட்டும் போட்டவர்கள் 7, போடாதவர்கள் 20. இதை இப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘செத்தவர்களில் மூன்றில் ஒருவர் ஊசி போட்டவர்’ என்றாகிவிடும். பொய்யில்லை, ஆனால் பாதிக் கணக்கு. எத்தனை பேரில் எத்தனை என்று கேட்க வேண்டும். இரண்டு ஊசி போட்டவர்கள் 67,673 பேர். ஒன்று போட்டவர்கள் 32,792. போடாதவர்கள் 17,059 பேர்தான். போடாதவர்களின் இறப்பு விகிதமே இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் இருந்திருந்தால் அவர்களில் 79 பேர் இறந்திருப்பார்கள். இறந்தது 4. இரண்டு ஊசி மரணத்தை 95 சதவீதம் தடுத்தது என்பது இந்தக் கணக்குத்தான்.

இதிலும் இடைவெளி உண்டு. யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று செங்கல்பட்டில்போலச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. போடாமல் விட்டவர்களில் ஏற்கெனவே நோயாளிகள் கூடுதலாக இருந்திருக்கலாம். பார்த்ததும் ஒரு மாதம்தான். அடுத்து வந்த ஒமைக்ரானுக்கு இந்த 95 அப்படியே பொருந்தாது. ஆனால் 79-க்கும் 4-க்கும் இடையே உள்ள தூரத்தை இந்தச் சந்தேகங்களால் மட்டும் நிரப்ப முடியாது.

அதே ஏப்ரலில்தான் நடிகர் விவேக் இறந்தார். சங்கரன்கோவில் பக்கம் பெருங்கோட்டூர்க்காரர், நம் பக்கத்துப் பிள்ளை. மக்கள் பயமில்லாமல் போடட்டும் என்று 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் போய்விட்டார். டவுணில் ஊசிக்குப் பெயர் கொடுத்திருந்த எத்தனையோ பேர் அந்த வாரம் பின்வாங்கினார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தடுத்து நடக்கும் இரண்டை முடிச்சுப் போடுவது மனித இயல்பு. முக்கியமான இதயக் குழாய் ஒன்று முழுதாக அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அத்தகைய அடைப்புக்கு அடிப்படை பல ஆண்டுகளாக உருவாவது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு அக்டோபரில் சொன்னது. ஆறு மாதத்தில் வதந்தி எங்கெல்லாம் போயிருக்கும்!

தற்செயல் என்பது எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் சாதாரண ஆண்டிலேயே நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இரண்டு நாளில் 2,000 பேருக்கும் மேல். 2021 செப்டம்பர் 12-ல் முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்குமேல் ஊசி போட்டுக்கொண்டார்கள், அதாவது மாநில மக்களில் ஏறக்குறைய 27-ல் ஒருவர். ஊசிக்குப் பதில் வெறும் உப்புநீரை ஏற்றியிருந்தாலும், அடுத்த இரண்டு நாளில் அவர்களில் பல பத்துப் பேர் தங்கள் விதிப்படி இறந்திருப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது ஊசிக்கு மறுநாள் நடந்த மரணம்.

இதற்காக உண்மையான பக்கவிளைவுகளை மறைக்கக் கூடாது. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பிறகு மிக அரிதாக இரத்தம் உறைந்து உயிர் போனதுண்டு. 2021 மே மாதமே பிரிட்டன் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாற்று ஊசியைப் பரிந்துரைத்தது. கோவேக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் தெரியுமுன்பே அனுமதி தந்ததும் தேவையற்ற சந்தேகத்தை விதைத்தது. குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியெல் தொடுத்த வழக்கில், 2022 மே 2-ல், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊசி போடாதவர்களுக்குத் தமிழ்நாடு உள்ளிட்ட அரசுகள் விதித்த தடைகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறல்ல என்றும், பக்கவிளைவுத் தகவல்கள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஊசி பரவலை முழுமையாக நிறுத்தும் என்றால் ‘உன்னால் எனக்கு ஆபத்து’ என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த வலுவான நியாயம் இருக்கும். பெரும்பாலும் போட்டவரையே காக்கும் என்றால் அந்த நியாயம் இளைத்துவிடும். தார்சாவுக்கும் அரங்குக்கும் உள்ள வேறுபாடு நீதிமன்றம்வரை போகிற வேறுபாடு.

அப்படியானால் 2022-ல் தேர் ஓடும்படி முடிந்தது எது? கொரோனாவை இதுவரை கண்டிராத உடல்கள் தீர்ந்துபோயின. 2021 ஜூன், ஜூலையில் நடந்த தேசிய இரத்தப் பரிசோதனையில் 67.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. பெரும்பாலோருக்கு நோய் வந்தே அது கிடைத்தது. ‘இயற்கையாக வரும் எதிர்ப்பே போதும்’ என்று வாதிட்டவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி, நோய் தரும் எதிர்ப்பும் எதிர்ப்புத்தான். அதற்கு நாம் கொடுத்த விலை 2021 மே மாதத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் ஆக்சிஜனுக்குக் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஊசி அதே அறிமுகத்தை அந்த விலை இல்லாமல் தந்தது. முந்திப் போட்டிருந்தால் இன்னும் பலர் வடம் பிடிக்க வந்திருப்பார்கள்.

அண்ணாச்சிக்கு இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள், ஹைகிரவுண்டில்தான். பிறந்ததும் இடது தோளில் பி.சி.ஜி. போட்டார்கள். ஐந்தாவது வாரம் என்னை வழியில் நிறுத்தினார்.

“கையில சின்னக் கொப்புளம் மாதிரி சீழ் வச்சிருக்கு தம்பி. சரியாப் போடலையோ?”

“சரியாப் போட்டதாலதான் அண்ணாச்சி. அதுல மருந்து, எண்ணெய் ஒண்ணும் தடவாதீங்க, அப்படியே விடுங்க. சில வாரத்துல காஞ்சு தழும்பாயிரும். ரொம்பப் பெருசானாலோ, அக்குள்ள கட்டி வந்தாலோ காட்டுங்க.”

“இதப் போட்டா டி.பி. வராதுல்லா?”

“பச்சப்பிள்ளைக்கு மூளைக்குப் போற டி.பி.ய பெரும்பாலும் தடுக்கும். வளந்த பெறகு நெஞ்சுல வாரதுக்கு இத நம்ப முடியாது. வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி எடுத்துக் கொடுத்துப் பாத்திரணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்கே பத்து நாளா இருமலு இருக்கு,” என்றார். திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பேசிக்கொண்டோம்.